பாப்கார்ன் சீலிங்கை அகற்றுவது: சோதனை முதல் கடைசிப் பெயிண்ட் வரை

பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்குபவர்கள் சீலிங்கில் பொரி பொரியாக ஒட்டியிருக்கும் பூச்சைப் பார்த்ததும் முதலில் வாங்குவது ஒரு சுரண்டியைத்தான். வரிசை தப்புவது அங்கேதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் எனக்குச் சுரண்டுவதற்கு மூன்று மணி நேரம் ஆனது. அதற்கு முன்னால் அறையை மூடிக்கட்ட ஒரு முழு நாள். சுரண்டிய பிறகு பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து முடிக்க ஐந்து நாள். பூச்சு உதிர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து வார இறுதியில் ஆரம்பித்தவர்கள், ஒரு மாதம் அந்த அறையைப் பூட்டி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் சுரண்டும் பகுதி சிறியது. முன்னும் பின்னும் உள்ளதுதான் அதிகம். படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தேவை.

## 1. மேலே இருப்பது என்ன என்று தெரியாமல் தொடாதீர்கள்

இந்தப் பூச்சில் பொதுவாக இருப்பது ஜிப்சம் போன்ற பசைமாவு, அதோடு காகித நார், வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகள் அல்லது தெர்மோகோல் மணிகள். பழைய பூச்சாக இருந்தால் கல்நாரும், அதாவது ஆஸ்பெஸ்டாஸும், கலந்திருக்கலாம். பூச்சு அசையாமல் இருக்கும்வரை அது பெரிய தொல்லை தராது. சுரண்டும்போதும் தேய்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். அதனால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமா என்னும் நுரையீரல் உறைப் புற்றுநோயும் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். "நான் சுரண்டினேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று யாராவது சொன்னால் அதை நம்பி இறங்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் அலங்காரத்துக்காகத் தெளிக்கும் பூச்சில் கல்நார் கலக்க 1978இல் தடை வந்தது. ஆனால் கையிருப்பில் இருந்த மூட்டைகள் அதன் பிறகும் பயன்பட்டன. பிரிட்டனில் முழுத் தடை 1999இல், ஆஸ்திரேலியாவில் 2003 கடைசியில், கனடாவில் 2018இல்தான் வந்தது. ஆகவே வீட்டின் வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பார்த்தோ தொட்டோ கண்டுபிடிக்கவும் முடியாது. ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாதிரியை நீங்களே எடுக்கச் சட்டம் அனுமதிக்கும் இடத்தில் இருக்கிறீர்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பயிற்சி பெற்ற ஒருவரையே வரவழைப்பது நல்லது. நீங்களே எடுப்பதானால் முறை இது: மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கீழே பிளாஸ்டிக் விரியுங்கள். நுண்தூசையும் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர் முகக்கவசம் அணியுங்கள். எடுக்கப்போகும் இடத்தைச் சோப்பு கலந்த தண்ணீரால் நன்றாக நனைத்து, ஒரு பெரிய நாணயத்தின் அளவுக்குக் கத்தியால் மெதுவாக எடுத்து, மூடும் பையில் போட்டு, எந்த அறை என்று எழுதுங்கள். எடுத்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு, கத்தியை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டுங்கள்.

இதில் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, மேலாக உதிர்ந்த இரண்டு பொரியை மட்டும் எடுத்து அனுப்புவது. பழைய வீடுகளில் சீலிங்கின் ஜிப்சம் போர்டு இணைப்புகளுக்குப் பூசிய பட்டியிலும் கல்நார் இருந்திருக்கிறது. அதனால் போர்டு தெரியும்வரை முழு ஆழத்துக்கும், ஒரு மாதிரியாவது இணைப்பின் மேலிருந்தும் எடுக்க வேண்டும். இன்னொன்று, ஒரே ஒரு மாதிரியோடு நிறுத்துவது. கலவையைக் கையால் கலந்து தெளித்திருப்பார்கள். ஒரு மூலையில் இல்லாதது மறு மூலையில் இருக்கலாம். அமெரிக்கப் பள்ளிக் கட்டடங்களுக்கான விதியில், ஒரே விதமான பூச்சுக்கு 1000 சதுர அடி வரை குறைந்தது 3, 5000 வரை 5, அதற்கு மேல் 7 மாதிரி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும் என்பது என் எண்ணம்.

முடிவில் கல்நார் இருக்கிறது என்று வந்தால் இதோடு நிறுத்திவிடுங்கள். 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் கல்நார்ப் பொருள் என்று சில நாடுகளின் சட்டம் கணக்கிடும். அதற்குக் குறைவாக வந்தாலும் நான் கை வைக்க மாட்டேன். உரிமம் பெற்றவர்களைக் கொண்டு அகற்றலாம், அல்லது தொடாமல் மூடிவிடலாம். கீழே வரும் படிகள் எல்லாம் கல்நார் இல்லை என்று காகிதத்தில் முடிவு வந்தவர்களுக்கு மட்டும்.

பூச்சின் மேல் பழைய பெயிண்ட் இருந்தால் ஈயம் இருக்கிறதா என்றும் அதே ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஈயம் இருந்தாலும் இதே கதைதான், தொடாதீர்கள்.

## 2. ஒரு சதுர அடியில் ஒத்திகை

அறையைக் காலி செய்வதற்கு முன்பே, கதவுக்குப் பின்னால் இருப்பது போன்ற கண்ணில் படாத மூலையில் ஒரு சதுர அடியை நனைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் விட்டுச் சுரண்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

பூச்சு குழைந்து பட்டையாகக் கழன்று வந்தால் அதில் பெயிண்ட் இல்லை. நேராகப் படி 3க்குப் போகலாம்.

தண்ணீர் முத்து முத்தாக நின்று கீழே சொட்டினால் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வேலை இரண்டு மடங்கு. படி 7ஐப் படித்துவிட்டு, அகற்றுவதா மூடுவதா என்று முடிவு செய்யுங்கள்.

பூச்சோடு அடியிலிருக்கும் காகிதமோ சாந்தோ சேர்ந்து பெயர்ந்தால் அடித்தளமே பலவீனமாக இருக்கிறது. சீலிங்கை விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். சாந்துச் சீலிங் டொக் டொக் என்று வெறுமையாக ஒலித்தாலோ, நடுவில் தொங்கினாலோ சுரண்டி உழைப்பை வீணாக்க வேண்டாம். மேலே புதிய போர்டு அடிப்பதுதான் வழி.

இந்தச் சின்ன ஒத்திகையில் இன்னொரு தகவலும் கிடைக்கும்: எத்தனை நிமிடம் ஊற விட வேண்டும் என்பது. ஐந்து நிமிடத்தில் வந்ததா, பதினைந்தா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பழுப்புக் கறை இருக்கும் இடங்களையும் இப்போதே கவனியுங்கள். மேலே எங்கோ ஒழுகுகிறது, அல்லது முன்பு ஒழுகியிருக்கிறது. ஒழுக்கை அடைக்காமல் சீலிங்கைத் தொடுவதில் பயன் இல்லை.

## 3. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

தோட்டத்துக்கு மருந்தடிக்கும் அழுத்த ஸ்பிரேயர், ஐந்து லிட்டர் போதும். பூச்சிக்கொல்லி அடித்த பழையதை எடுக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். சாதாரணக் கைப்பம்பு ஒரு சதுர மீட்டர் நனைப்பதற்குள் விரலை ஓய்த்துவிடும்.

பத்து அங்குல அகலப் பட்டி பிளேடு ஒன்று, மூலைகளுக்கு நான்கு அங்குலத்தில் ஒன்று. வாங்கியவுடன் இரண்டு முனைகளையும் அரத்தால் லேசாக உருட்டிவிடுங்கள். கூர் முனை போர்டின் காகிதத்தைக் கீறும். ஒவ்வொரு கீறலையும் பிறகு பட்டி வைத்து மூட வேண்டியிருக்கும். ஐந்து நிமிட அர வேலை ஒரு மணி நேரப் பட்டி வேலையை மிச்சப்படுத்துகிறது.

தரைக்குத் தடிமனான பிளாஸ்டிக் ஷீட், 0.15 மில்லிமீட்டர் கனத்தில். சுவருக்கு மெல்லியது போதும். சுவரில் பெயிண்டைப் பெயர்க்காத பெயிண்டர் டேப் தாராளமாக வாங்குங்கள். பக்கங்களை மூடிய கண்ணாடி, என்95 முகக்கவசம், தொப்பி, முழுக்கை சட்டை, ரப்பர் அடி வைத்த மூடிய காலணி. நிற்பதற்கு, ஏணியைவிட இரண்டு ஏணிகளுக்கு நடுவே பலகை போட்ட தாழ்வான சாரம் நல்லது. ஏணியில் ஒவ்வொரு மூன்றடிக்கும் இறங்கி ஏறி நகர்த்த வேண்டும். களைத்துப்போய், இறங்காமலே எட்டிச் சுரண்டும்போதுதான் விழுகிறார்கள்.

அடுத்த கட்டத்துக்கான ஜாயின்ட் காம்பவுண்ட் (போர்டு இணைப்புகளுக்குப் பூசும் பட்டி), இணைப்புகளில் ஒட்டும் காகித டேப், ப்ரைமர், உப்புத்தாள் இவற்றையும் இப்போதே வாங்கி வைக்கலாம். ஆனால் எவ்வளவு வேண்டும் என்பது சுரண்டிய பிறகுதான் தெரியும்.

## 4. காலி செய்வது, கரண்டை அணைப்பது, மூடிக்கட்டுவது

இந்த மூன்றும் இதே வரிசையில் வர வேண்டும்.

அறையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கட்டிலை நடுவில் தள்ளி மூடிவிட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நடுவில் ஒரு கட்டில் இருந்தால் சாரத்தை நகர்த்த முடியாது, அதைச் சுற்றி எட்டி எட்டி வேலை செய்வீர்கள்.

பிறகு அந்த அறையின் மின்சாரத்தைச் சுவிட்சில் அணைத்தால் போதாது, மின்பெட்டியில் உள்ள எம்சிபி பிரேக்கரிலேயே அணைத்து, யாரும் திரும்பப் போடாதபடி அதன் மேல் டேப் ஒட்டுங்கள். மேலே தண்ணீர் அடிக்கப்போகிறோம். அது விளக்குப் பெட்டிக்குள் போகும். டெஸ்டரால் சோதித்த பிறகு விளக்கு, மின்விசிறி, புகை எச்சரிக்கைக் கருவி எல்லாவற்றையும் கழற்றுங்கள். கம்பி முனைகளைத் தனித்தனியாக மூடி, பெட்டிக்குள் தள்ளி, பெட்டியின் வாயைப் பிளாஸ்டிக்கும் டேப்பும் போட்டு அடையுங்கள். வெளிச்சத்துக்கு பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியைக் கழற்றச் சோம்பல்பட்டு இறக்கைகளைப் பையால் சுற்றிவிட்டு வேலை செய்பவர்கள் உண்டு. அதைச் சுற்றியுள்ள வட்டம் மட்டும் கடைசிவரை சரியாக வராது.

இப்போது தரை. இரண்டு அடுக்காகப் பிளாஸ்டிக் விரியுங்கள். சுரண்டி முடித்ததும் மேல் அடுக்கைக் குப்பையோடு சுருட்டி எடுத்துவிடலாம், பட்டிக்கும் பெயிண்டுக்கும் சுத்தமான அடுக்கு அடியில் தயாராக இருக்கும். ஓரங்களைச் சுவரில் ஓர் அடி உயரத்துக்கு மடித்து ஏற்றி ஒட்டுங்கள்.

தரைக்குப் பிறகுதான் சுவர். சீலிங்கிலிருந்து ஓர் அங்குலம் கீழே டேப் ஒட்டி, அதில் ஷீட்டைத் தொங்கவிடுங்கள். அதன் அடி விளிம்பு தரை ஷீட்டின் மேல் விழ வேண்டும். மாற்றிச் செய்தால் சுவர் வழியாக இறங்கும் சேற்றுத் தண்ணீர் தரை ஷீட்டுக்கு அடியில் புகுந்துவிடும். மரத்தரையாக இருந்தால் அது ஊதிப்போகும். ஓர் அங்குல இடைவெளி விடுவது, மூலையில் பிளேடு டேப்பில் மாட்டாமல் ஓடுவதற்காக.

ஏசி துவாரங்களை அடைத்து, ஏசியையும் நிறுத்துங்கள். கதவில் ஒரு ஷீட்டைத் திரைபோலத் தொங்கவிட்டு, வெளியே ஈரத்துணியை மிதியடியாகப் போடுங்கள். பூச்சைவிடப் பிற்பாடு வரும் பட்டித்தூளுக்குத்தான் இந்தத் திரை மிகவும் தேவைப்படும்.

ஈரப் பிளாஸ்டிக் பயங்கரமாக வழுக்கும். நான் நடக்கும் பாதையில் பழைய பருத்தித் துணியை விரித்துவிடுவேன். ஏணிக்கால் நிற்கும் இடத்திலும் அப்படித்தான்.

## 5. நனைப்பது

வேலையின் உயிர்நாடி இந்தப் படி. கையில் பிளேடு இருக்கும் அவசரத்தில் எல்லோரும் குறைக்கும் படியும் இதுதான்.

ஸ்பிரேயரில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டு விடுங்கள். சோப்பு, தண்ணீரின் முத்துத்தன்மையை உடைத்துப் பூச்சுக்குள் இறங்க வைக்கும். அதிகம் விட்டால் நுரை வரும், பிறகு பட்டி ஒட்டாது.

ஒரே நேரத்தில் நாலடிக்கு நாலடி மட்டும் நனையுங்கள். பூந்தூறல்போல அடித்து, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை அடித்து, ஒத்திகையில் குறித்த நேரம் காத்திருங்கள். முழு அறையையும் ஒரேயடியாக நனைத்தால், இந்த மூலையைச் சுரண்டும்போது அந்த மூலை காய்ந்துவிடும். மறுபடி மறுபடி நனைக்க வேண்டி வரும், போர்டு தாங்காது.

அளவு சரியா என்று தெரிய ஒரு வழி: தண்ணீர் உள்ளே இறங்கிப் பூச்சு கருத்து நிற்க வேண்டும், தாரையாகச் சொட்டக் கூடாது. சொட்டினால் அதிகம். ஜிப்சம் போர்டு அளவுக்கு மேல் குடித்தால் காகிதம் கழலும், இணைப்பு டேப் குமிழ் விடும், சில நேரம் போர்டே தொய்யும். அடியில் கான்கிரீட் தளமாக இருந்தால் இந்தப் பயம் இல்லை, கொஞ்சம் தாராளமாக நனைக்கலாம்.

சுரண்டும்போது புழுதி பறந்தால் நனைத்தது போதவில்லை. அங்கேயே நிறுத்தி மறுபடி தெளியுங்கள்.

## 6. சுரண்டுவது

பிளேடைச் சீலிங்கோடு கிட்டத்தட்டப் படுக்கையாக, முப்பது பாகைக்கு மேல் தூக்காமல் பிடியுங்கள். முன்னோக்கித் தள்ளுங்கள். நேர் தலைக்கு மேல் வேலை செய்யாமல் ஓர் அடி முன்னால் செய்தால் குழம்பு முகத்தில் விழாது, கழுத்தும் தப்பிக்கும். ஊறியிருந்தால் நீளப் பட்டையாகச் சத்தமில்லாமல் கழலும். அழுத்த வேண்டியிருந்தால் பிளேடு உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான், இன்னும் தண்ணீர் வேண்டும் என்று.

போர்டு இணைப்புகள் ஓடும் திசையைக் கண்டுபிடித்து, அந்தத் திசையிலேயே பிளேடை ஓட்டுங்கள். குறுக்கே ஓட்டினால் டேப்பின் விளிம்பு மாட்டிக்கொண்டு நீளமாக உரிந்து வரும். ஆணித்தலை மேல் பட்டி மேடாக இருக்கும் இடங்களிலும் கை மென்மையாகப் போக வேண்டும்.

சுவரோர மூலையில் சின்னப் பிளேடைச் சுவருக்கு இணையாக ஓட்டுங்கள். சுவரை நோக்கிக் குத்தினால் மூலை டேப் கிழியும்.

நூறு சதவீதம் சுத்தமாக வர வேண்டியதில்லை. அங்கங்கே தட்டையாக ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தைப் பட்டி மூடிவிடும். அதை எடுத்தே தீருவேன் என்று போராடுபவர்கள்தான் போர்டைக் குழி குழியாக்குகிறார்கள். மேடாகத் துருத்துவதை மட்டும் எடுத்தால் போதும்.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கித் தோளை இறக்கி ஓய்வெடுங்கள். அப்போதே கீழே விழுந்திருப்பதையும் ஓரமாகத் தள்ளிவிடுங்கள், சாரத்தின் காலடியில் சேர விடாதீர்கள்.

## 7. பெயிண்ட் அடித்த சீலிங்காக இருந்தால்

பெயிண்ட் படலம் தண்ணீரைத் தடுக்கிறது. அதை உடைத்தால்தான் உள்ளே போகும். கல்நாரும் ஈயமும் இல்லை என்று உறுதியான பிறகு, பொரிகளின் நுனிகள் மட்டும் உடையும்படி பிளேடை மேலோட்டமாக ஒரு முறை ஓட்டுங்கள். சுரண்டும் வேலையில் இந்த ஒரு கட்டத்தில் மட்டும் தூசு வரும், முகக்கவசம் கட்டாயம். அப்புறம் தெளித்து, இருபது நிமிடம் விட்டு, மறுபடி தெளித்துச் சுரண்டுங்கள். நீர்ப் பெயிண்டாக இருந்தால் பெரும்பாலும் இப்படி வழிக்கு வரும்.

எண்ணெய்ப் பெயிண்ட், அல்லது மூன்று நான்கு அடுக்குப் பெயிண்ட் என்றால் விட்டுவிடச் சொல்வேன். அதற்கு இரண்டு மாற்று. நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைத் தட்டிவிட்டு, ப்ரைமர் அடித்து, மேலேயே இரண்டு மூன்று அடுக்குப் பட்டி இழுத்து மூடுவது ஒன்று. அடிப்பூச்சு உறுதியாகப் பிடித்திருந்தால் மட்டும் இது நிற்கும். ஈரப் பட்டியின் எடையில் உள்ளே இருப்பது கழன்றால் மொத்தமும் விழும். இன்னொன்று, மேலே புதிய மெல்லிய ஜிப்சம் போர்டு அடிப்பது. திருகுகள் பழைய போர்டைத் தாண்டி உள்ளே இருக்கும் மரச் சட்டத்தில் பிடிக்க வேண்டும். அதனால் சட்டங்கள் ஓடும் இடத்தை முதலிலேயே கண்டுபிடித்துச் சுவரில் குறித்துவிடுங்கள். போர்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், செலவும் கூடும். ஆனால் மோசமான சீலிங்கில் கடைசியில் இதுதான் சுத்தமாக முடிகிறது.

## 8. குப்பையை அன்றே வெளியேற்றுங்கள்

ஈரமாக இருக்கும்போதே மேல் அடுக்கு ஷீட்டின் ஓரங்களை நடுநோக்கிச் சுருட்டி, தடித்த பைகளில் கட்டுங்கள். காய விட்டால் நடக்கும்போதெல்லாம் தூளாகும். பையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஈரப்பூச்சின் எடையில் படிக்கட்டிலேயே கிழியும்.

பிளேடையும் வாளியையும் சிங்கில் கழுவ வேண்டாம். ஜிப்சம் குழாயின் வளைவில் படிந்து அடைக்கும். ஒரு வாளித் தண்ணீரில் அலசி, தெளிய விட்டு, அடியில் படிந்த கசடைக் குப்பையில் போடுங்கள்.

பிறகு ஒரு நாள் முழுக்கச் சீலிங் காயட்டும். ஈரப்பதமான காலமாக இருந்தால் இரண்டு நாள். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தால் அடுத்த படி முழுவதும் குமிழ்விடும்.

## 9. அடியில் தெரிவதைச் சரி செய்வது

இங்கேதான் பலருக்கு மனம் உடைகிறது. பொரிப்பூச்சு எல்லாவற்றையும் மறைக்கும் என்பதால், அடியில் இணைப்புகளுக்கு முழுதாகப் பட்டி பார்த்திருக்க மாட்டார்கள். டேப் தெரியும், ஆணித்தலை தெரியும், மேடு பள்ளம் தெரியும். நீங்கள் கெடுத்ததல்ல அது, பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்.

முதலில் ஆணிகள். கீழே இறங்கி நிற்கும் ஆணியைத் திரும்ப அடித்து உள்ளே தள்ளினால் சில மாதத்தில் மறுபடி இறங்கும். அதன் பக்கத்தில் ஒன்றரை அங்குலம் தள்ளி ஒரு திருகைச் சட்டத்தில் முடுக்கி, போர்டு இறுகிய பிறகு ஆணியை உள்ளே அடியுங்கள். திருகின் தலை காகிதத்தைக் கிழிக்காமல் லேசாகக் குழிந்து நிற்க வேண்டும்.

அடுத்து டேப். விரலால் தடவும்போது தளர்ந்திருக்கும் பகுதியை, நன்றாகப் பிடித்திருக்கும் இடம்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது ஒட்டுங்கள். காம்பவுண்டைத் தடவி, காகித டேப்பை அதில் பதித்து, பிளேடால் அழுத்தி அதிகப்படியை வெளியே இழுத்தெடுங்கள். தளர்ந்த டேப்பின் மேலேயே பட்டி பூசி மறைத்தால் அடுத்த வருடம் நீளக் கோடாக வெடிக்கும்.

கடைசியாக, காகிதம் கிழிந்து பழுப்பு நிறப் பஞ்சாகத் தெரியும் இடங்கள். இவற்றின் மேல் நேராகப் பட்டி வைக்கக் கூடாது. பட்டியின் ஈரத்தைக் குடித்துக் காகிதம் ஊதிக் குமிழாகும், எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. பிசிறை வெட்டிவிட்டு, கிழிந்த காகிதத்தை அடைக்கும் ப்ரைமரை அடித்து, காய்ந்த பிறகு பட்டி வையுங்கள். தெரியாமல் நான் முதல் அறையில் இதைத் தவிர்த்தேன். சீலிங்கின் கால்வாசியைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

## 10. முழுப் பரப்புக்கும் பட்டி இழுப்பது

ஒட்டுப் போட்ட இடங்களை மட்டும் மூடினால் போதாதா? பகலில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது ஒவ்வொரு ஒட்டும் தெரியும். சின்ன அறையாக இருந்தாலும் முழுப் பரப்புக்கும் மெல்லியதாக இரண்டு கை பட்டி இழுத்துவிடுங்கள்.

காம்பவுண்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து, கெட்டியான பெயிண்ட் பதத்துக்குக் கலக்குங்கள். தடித்த ரோலரால் மூன்றடிக்கு மூன்றடி உருட்டிவிட்டு, உடனே அகலப் பிளேடால் ஒரே இழுப்பாக இழுங்கள். பிளேடு விட்டுப்போகும் மெல்லிய கோடுகளை ஈரத்தில் திரும்பத் தடவித் திருத்த முயலாதீர்கள். ஒன்றைத் திருத்தப் போய் மூன்று வரும். காய்ந்த பிறகு உரசினால் போய்விடும்.

முதல் கை முழுதாக வெண்மையாகக் காய்ந்த பிறகு, இரண்டாவது கையை அதற்குக் குறுக்குத் திசையில் இழுங்கள். முதல் கை விட்ட பள்ளங்களை இரண்டாவது நிரப்பும். நடுவில் கருத்த திட்டுகள் தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருங்கள்.

ஆழமான குழிகளுக்கு மட்டும், தண்ணீர் சேர்த்ததும் தானே இறுகும் வகைக் காம்பவுண்டை முதலில் வையுங்கள். சாதாரணக் காம்பவுண்டைத் தடிமனாக வைத்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும்.

## 11. தேய்ப்பது

பேட்டரி விளக்கைச் சீலிங்குக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்ததெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். மேடுகளைப் பென்சிலால் வட்டமிட்டு, அவற்றை மட்டும் 120 உப்புத்தாளில் தேய்த்து, பிறகு முழுவதையும் 180 அல்லது 220இல் மேலோட்டமாக உரசுங்கள். நீளக் கழியில் பொருத்தும் தேய்ப்பான் இருந்தால் தரையில் நின்றே செய்யலாம்.

அழுத்தம் வேண்டாம். அழுத்தினால் பட்டியைத் தாண்டிக் காகிதம் வந்துவிடும், மறுபடி படி 9. தூசு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஈரப் பஞ்சால் தேய்க்கலாம், நேரம் அதிகம் பிடித்தாலும் வீடு முழுக்கத் தூள் பரவாது. வீட்டு வாக்குவம் கிளீனரால் இந்தத் தூளை இழுத்தால், வடிகட்டி அடைத்து மோட்டார் சூடாகும், மெல்லிய தூள் பின்வழியே திரும்ப அறைக்கே வரும். நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதையே பயன்படுத்துங்கள். தேய்த்து முடித்ததும் சீலிங்கை லேசாக ஈரமான துணியால் துடைத்துவிடுங்கள். தூளின் மேல் ப்ரைமர் பிடிக்காது.

## 12. ப்ரைமரும் பெயிண்டும்

பட்டி ஒருவிதமாகவும் காகிதம் வேறுவிதமாகவும் பெயிண்டைக் குடிக்கும். ப்ரைமர் இல்லாமல் அடித்தால் திட்டுத் திட்டாக மினுங்கும், எத்தனை கை அடித்தாலும் போகாது. பழுப்புக் கறை இருந்த இடங்களில் கறை தடுக்கும் ப்ரைமரைத் தனியாக ஒரு கை முதலில் அடித்துவிடுங்கள். சாதாரண நீர்ப் பெயிண்டின் வழியாகக் கறை ஒரு வாரத்தில் மேலே வந்துவிடும்.

ப்ரைமர் காய்ந்ததும் மறுபடி சாய்வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே வெண்மையாக இருப்பதால் இதுவரை தெரியாத குறைகள் இப்போது தெரியும். திருத்துவதற்குக் கடைசி வாய்ப்பு இது, சின்னப் பட்டி வைத்துத் தேய்த்து அந்த இடத்தில் மட்டும் ப்ரைமர் தொடுங்கள்.

பெயிண்ட் மினுமினுப்பில்லாத மேட் வகையாகவே இருக்கட்டும். பளபளப்பு கூடக் கூட அலைகள் வெளிச்சத்தில் தெரியும். இரண்டு கை அடியுங்கள். கடைசிக் கையை ஜன்னலிலிருந்து வெளிச்சம் வரும் திசையில் உருட்டினால் ரோலர் கோடுகள் தெரியாது. ஓரங்களைப் பிரஷ்ஷால் அடித்து, அது காய்வதற்குள் ரோலரை அதோடு சேருங்கள்.

## 13. பிரிப்பது

சுவர் டேப்பை உரிப்பதற்கு முன், பட்டியும் பெயிண்டும் அதன் மேல் ஏறியிருக்கும் கோட்டைக் கத்தியால் லேசாகக் கீறுங்கள். இல்லையென்றால் டேப்போடு சீலிங் ஓரமும் உரிந்து வரும். சுவர் ஷீட்டை மேலிருந்து கீழாக, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, தரை ஷீட்டின் மேல் போட்டு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடுத்துப்போங்கள்.

விளக்குப் பெட்டிகளைத் திறந்து, உள்ளே ஈரமோ பட்டியோ இல்லை என்று பார்த்த பிறகு விளக்கையும் மின்விசிறியையும் மாட்டுங்கள். பழைய விளக்கின் அடித்தட்டு பொரிப்பூச்சின் கனத்துக்குப் பொருத்தியதாக இருக்கும். இப்போது சுற்றிலும் ஒரு மெல்லிய இடைவெளி தெரிந்தால் திருகை இன்னும் கொஞ்சம் முடுக்கினால் போதும். புகை எச்சரிக்கைக் கருவியையும் அன்று இரவே மாட்டி, பொத்தானை அழுத்திச் சோதித்துவிடுங்கள்.